ஐ.நா. வாசலில் தமிழ் வரி: மேடையில் மாட்டிக்கொண்டவன் கேட்கிறேன்

திண்ணைவாசி | ஞாயிறு, இரவு 9:40

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் நடக்கும். 40 நாற்காலி போட்டால் 30 நிறையும். ஆறு வருடமாக அங்கே அதிகம் பேசுகிறவன் நான்தான். சங்கப் பாட்டு, ஊர் வரலாறு, புதிதாகப் படித்த புத்தகம் என்று அரை மணி நேரம் ஓடும். வயிற்றுப்பாட்டுக்குக் கணக்கெழுதும் வேலை, பேச்சு ஆசைக்கு.

போன மாதம் கணியன் பூங்குன்றனாரைப் பற்றிப் பேசினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிக்கிற இடத்தில், வழக்கம்போல, "யாதும் ஊரே யாவரும் கேளிர் என்ற இந்த வரிதான் இன்றைக்கு நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் வாசலில் பொறிக்கப்பட்டிருக்கிறது" என்றேன். இந்த இடத்தில் கைதட்டல் விழாமல் போனதே இல்லை. அன்றும் விழுந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். கையில் போன். "ஐயா, எந்த வாசல்னு சொல்றீங்களா? தேடிப் பார்த்தேன், போட்டோ ஒண்ணும் கிடைக்கல." குத்திக்காட்டக் கேட்கவில்லை, பார்க்க ஆசைப்பட்டுத்தான் கேட்டாள். "தெரியலம்மா, கேள்விப்பட்டதைச் சொன்னேன்" என்றிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அது உள்வாசல்மா, வெளியாள விடமாட்டாங்க."

அவள் சரி என்று உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பின்வரிசையில் இரண்டு பேர் குனிந்து போனைத் தட்டத் தொடங்கினார்கள். அதில் ஒருவர் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அப்புறம் டீ குடிக்கும்போது யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து நானும் தேடினேன். அப்படி ஒரு கல்வெட்டே இல்லை. இந்த மாதமும் என்னையே பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் நடக்காத மாதிரி பேசுவதா, மன்னிப்புக் கேட்பதா, இரண்டு மாதம் ஒதுங்கி இருப்பதா? மேடை ஏறியவர்கள் சொல்லுங்கள்.

சுண்டல் பொட்டலம் | ஞாயிறு, இரவு 9:58

நீங்களாவது ஐ.நா.வோடு நிறுத்தினீர்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒருத்தர், திருநள்ளாறு கோவிலுக்கு நேர் மேலே வந்தால் செயற்கைக்கோள் எல்லாம் மூன்று விநாடி நின்றுவிட்டுப் போகிறது, நாசாவே அசந்துவிட்டது என்றார். மேடையில் இருந்த இயற்பியல் வாத்தியாரும் சேர்ந்து கைதட்டினார். கீழே வந்ததும் கேட்டேன். "இப்பத்தானே பொன்னாடை போத்தினாங்க, அதுக்குள்ள எப்படிப்பா மறுத்துப் பேசறது" என்றார்.

மூன்றாம் வரிசை | ஞாயிறு, இரவு 10:31

திண்ணைவாசி ஐயா, உங்களுக்குத் துணைக்கு ஒரு நாடே இருக்கிறது. பாரசீகக் கவி சாஅதியின் 'ஆதமின் மக்கள்' பாட்டு ஐ.நா. வாசலில் இருப்பதாக ஈரானில் பலர் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். வாசலில் அப்படி எதுவும் கிடையாது. கடைசியில் அந்தப் பாட்டை நெய்த கம்பளம் ஒன்று 2005ல் ஈரானிலிருந்து அன்பளிப்பாகப் போய் அந்தக் கட்டடத்துச் சுவரில் ஏறியது.

நம் வரிக்கு உண்மையான பெருமைக்கா பஞ்சம்? புறநானூறு 192ஆம் பாட்டு. அப்துல் கலாம் 2007 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசியபோது இதை எடுத்துச் சொன்னார். 2019 செப்டம்பரில் பிரதமர் மோடி ஐ.நா. பொதுச்சபையிலேயே சொன்னார். ஐ.நா.வில் தமிழ்நாட்டுக் குரல் கேட்டதா என்றால், 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி அங்கே கச்சேரியே செய்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. நமக்குத்தான் ஏனோ கல்லில் வெட்டியிருந்தால்தான் மனசு ஆறும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். கல்வெட்டுக் கதையை நீங்கள் யாரிடமோ கேட்டு நம்பிச் சொன்னீர்கள். 'உள்வாசல்' நீங்களே அந்த நிமிடத்தில் செய்தது. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் பட்ட கடன் அந்த இரண்டாவதுக்குத்தான்.

திண்ணைவாசி | ஞாயிறு, இரவு 10:44

கோபம் இல்லை. ஆனால் படித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

ஒலிப்பெட்டி | திங்கள், காலை 6:15

நான் பேச்சாளன் இல்லை. 22 வருடமாக மைக் செட் போடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோவில் விழா எல்லாம் பார்த்தாயிற்று. மிக்சர் மேடைக்குப் பக்கவாட்டில் இருப்பதால் பேசுகிறவர் முகமும் தெரியும், கேட்கிறவர் முகமும் தெரியும். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

கல்வெட்டு, நாசா எல்லாம் பெரிய பொய். அதற்கு முன்னாலேயே ஒரு சின்னப் பொய் விழுந்துவிடுகிறது: "இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன்." இதைச் சொன்னவர் 40 நிமிடத்துக்குக் குறைந்து இறங்கி நான் பார்த்ததில்லை. அந்த மூன்றாவது நிமிடத்தில் ஜனங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். யாரும் எழுந்து போகமாட்டார்கள், ஆனால் சாய்ந்துகொள்வார்கள். அதற்கப்புறம் அவர் சொல்வது எதையும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை, நடப்பது வெறும் சத்தம். நான் ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துவிட்டு டீக்குப் போய்விடுவேன்.

அடுத்தது மைக். விசில் அடித்தால் சில பேர் உடனே என்னைப் பார்த்து முறைப்பார்கள், மைக்கிலேயே திட்டுவார்கள். விசில் வருவது பெரும்பாலும் அவர்கள் மைக்கைக் கழற்றிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நடந்து போவதால். கூலிக்காரனை நாலு பேர் முன்னால் திட்டுகிறவர் அடுத்த வரியில் அன்பே சிவம் என்றால் முன்வரிசைக் கிழவி சிரிக்காமல் என்ன செய்வாள்?

நான் பார்த்ததில் ஒரே ஒருத்தர் வித்தியாசம். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பெரிய பேச்சுத்திறமை ஒன்றும் கிடையாது, குரலும் கட்டைக்குரல். கதை, அனுபவம் எல்லாம் தலையிலிருந்து வரும். ஆனால் ஒரு எண்ணோ தேதியோ வந்தால் நிறுத்திவிடுவார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுப்பார், ஊதித் துடைத்து மாட்டுவார், அப்புறம் மடித்த சீட்டைப் பிரித்து அதைப் பார்த்துப் படிப்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பேச்சு. எப்படியும் பதினைந்து விநாடி ஆகும். அந்தப் பதினைந்து விநாடியும் கூட்டம் மூச்சுவிடாது. முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து அந்தச் சீட்டையே கேட்பார்கள், மருந்துப் பெயரை எழுதிக்கொள்ள. கைதட்டலைப் பொறுத்தவரை அவருக்கு எப்போதும் குறைவுதான்.

பட்டிமன்றப் பைத்தியம் | திங்கள், மதியம் 1:20

எல்லோரும் சேர்ந்து ஐயாவைக் கோர்ட்டில் நிறுத்துவது போல இருக்கிறது. மேடை என்ன ஆராய்ச்சிக் கட்டுரையா? ஜனங்கள் வேலை முடிந்து களைத்து வந்து உட்கார்கிறார்கள். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் பெருமை, வீட்டுக்குப் போகும்போது நிமிர்ந்த நெஞ்சு. அதைக் கொடுத்தவன் நல்ல பேச்சாளன்.

நான் 30 பட்டிமன்றமாவது பேசியிருப்பேன். ஒரு வாரம் "குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனே" அணி, அடுத்த வாரம் அதே ஊரில் "மனைவியே" அணி. யாரும் என்னைப் பொய்யன் என்றதில்லை. அப்புறம், அண்ணாவின் 'பிகாஸ்' கதையைச் சொல்லாத மேடை உண்டா? ஒரே வாக்கியத்தில் பிகாஸ் மூன்று முறை அடுத்தடுத்து வர வேண்டும் என்று வெள்ளைக்காரன் கேட்க, இவர் கண் மூடித் திறப்பதற்குள் சொன்னார் என்கிற அந்தக் கதை. அதற்கு ஆதாரம் கேட்டு யாராவது எழுந்தார்களா?

துண்டுச்சீட்டு வைத்துப் பேசினால் நம் ஊரில் மதிப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? "பார்த்துப் படிக்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

மூன்றாம் வரிசை | திங்கள், இரவு 8:05

பட்டிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் எந்த அணி என்று நடுவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். கேட்கிறவனுக்கும் ஆட்டத்தின் விதி தெரியும். அடுத்த வாரம் அணி மாறினால் ரசிப்பானே தவிர ஏமாந்தேன் என்று நினைக்கமாட்டான். ஆனால் அந்த அணிக்காக ஒரு கல்வெட்டைச் செய்து வைத்தால் அது விதியில் இல்லாதது. வாசகர் வட்டத்துக்கு வருகிறவன் அணி பார்த்து வரவில்லை, தெரிந்துகொள்ள வருகிறான்.

மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் இருக்கிறது. சமயவாதிகளைப் "பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்று முரசறைகிறவன் அழைக்கிறான். பாங்கு அறிந்து ஏறு என்கிறான், கவனியுங்கள். எந்த அவை, அங்கே என்ன முறை என்பது தெரிந்து ஏற வேண்டும்.

பிகாஸ் கதையும் அப்படித்தான். அண்ணா 1968ல் யேல் பல்கலைக்கழகத்துக்குச் 'சப் ஃபெலோ' (Chubb Fellow) என்ற சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டுப் போனது வரலாறு. அந்த வாக்கியக் கதையோ ஒவ்வொரு மேடையிலும் வேறு வேறு ஊரில் நடக்கிறது, கேட்கிற ஆளும் மாறுகிறார். அவரை உயர்த்த இந்தக் கதை தேவையே இல்லை. ஒரு மாநில முதல்வரை அமெரிக்கப் பல்கலைக்கழகம் அழைத்து மாணவர்களோடு பேசச் சொன்னது போதாதா?

வயல் வரப்பு | திங்கள், இரவு 10:50

வேளாண்மைத் துறையில் கள வேலை. என் மேடை வரப்புதான், கேட்கிறவர்கள் பத்துப் பதினைந்து விவசாயிகள். இங்கே கைதட்டல் கிடையாது. நீங்கள் சொன்னது சரியா தப்பா என்பதைப் பயிரே காட்டிவிடும். தப்பென்றால் அடுத்த பட்டத்தில் உங்களைப் பார்த்ததும் டீக்கடையில் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள்.

2018ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது நினைவிருக்கும். அமெரிக்கக் கண்டத்துப் புழு, ஆப்பிரிக்காவுக்குப் போய், அந்த வருடம்தான் இந்தியாவுக்குள் வந்தது. முதலில் கர்நாடகத்தில் பார்த்தார்கள், அப்புறம் நம் பக்கம். எங்களில் யாருக்கும் அதை நேரில் பார்த்துப் பழக்கம் இல்லை. ஆனால் கூட்டம் போட்டாயிற்று, மைக்கைக் கையில் கொடுத்தாயிற்று. ஒரு கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர் வழக்கமான தண்டுத்துளைப்பான் என்று நினைத்துக்கொண்டு அதற்கான மருந்தை அடித்துச் சொன்னார். குரலில் சந்தேகமே இல்லை. நானே அசந்துவிட்டேன்.

என் முறை வந்தபோது எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பயத்தில் செய்ததுதான், திறமை என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வயலுக்குள் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கி வந்தேன். குருத்தைப் பிரித்தால் உள்ளே மரத்தூள் மாதிரி ஈரமான கழிவு. அதைத் தள்ளிப் புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்து எல்லோரிடமும் காட்டினேன். தலையில் தலைகீழ் ஆங்கில ஒய் எழுத்துப் போல வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. "இந்த இரண்டும் இருந்தால் இது புதுப் புழு. ஆரம்பத்திலேயே பார்த்தால் குருத்துக்குள் கையை விட்டு நசுக்கலாம். மருந்தைப் பற்றி இன்று எனக்கு உறுதியாகத் தெரியாது. கேட்டுக்கொண்டு வியாழக்கிழமை இதே இடத்துக்கு வருகிறேன்" என்றேன்.

ஒரு பெரியவர், "தெரியாததைச் சொல்லவா ஜீப்புல வந்தே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது.

வியாழக்கிழமை போனேன். முதல் நாள் பதினைந்து பேர், அன்று 30 பேருக்கு மேல். அந்தப் பெரியவர் தீப்பெட்டிக்குள் நாலு புழுவைப் போட்டு எடுத்து வந்திருந்தார், புள்ளியை எண்ணிப் பார்க்க. நான் கொண்டுபோன பதில் ஒன்றும் பிரமாதமில்லை. சொன்ன நாளில் போனேன், அவ்வளவுதான். இன்று வரை மண்ணைப் பற்றியோ விதையைப் பற்றியோ எது என்றாலும் அந்த ஊரிலிருந்து எனக்குத்தான் போன் வரும். அடித்துச் சொன்ன அந்த அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார், அது வேறு காரணம்.

பச்சை மஞ்சள் சிவப்பு | செவ்வாய், காலை 7:30

ஒலிப்பெட்டி அண்ணன் சொன்ன 'இரண்டு நிமிடம்' நோய்க்கு மேடைப்பேச்சுப் பழகும் எங்கள் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் மருந்து இருக்கிறது. 1924ல் கலிபோர்னியாவில் தொடங்கிய இயக்கம், இப்போது தமிழிலேயே நடக்கும் கிளப்களும் உண்டு. 5 முதல் 7 நிமிடப் பேச்சு என்றால் 5ல் பச்சை விளக்கு, 6ல் மஞ்சள், 7ல் சிவப்பு. அதற்கு மேல் 30 விநாடிதான் சலுகை. "ஆ", "வந்து", "அதாவது" எத்தனை முறை சொன்னோம் என்று எண்ண ஒருத்தர் தனியாக உட்கார்ந்திருப்பார். என் முதல் பேச்சில் 41. வீட்டில் வந்து சொன்னால் மனைவி, "அவ்வளவுதானா?" என்றாள்.

காரைக்குடிக் கம்பன் கழகத்தைச் சா. கணேசன் நடத்திய காலத்தில் கடிகாரத்தைப் பார்த்து விழா தொடங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நமக்குப் புதிதில்லை, விட்டுவிட்டோம்.

வேதியியல் டீச்சர் | செவ்வாய், மாலை 5:45

யாரும் அறிமுகவுரையைப் பற்றிப் பேசவில்லையே. பாதிப் பொய் அங்கேதான் தொடங்குகிறது. நாம் வாய் திறப்பதற்கு முன்பே நம் பெயரில் சொல்லிவிடுகிறார்கள்.

நான் முனைவர் பட்டம் பெற்றவள் இல்லை. எம்.எஸ்சி., பி.எட். ஆனால் பாதி அழைப்பிதழில் 'முனைவர்' போட்டுவிடுகிறார்கள், மரியாதையாம். முதல் தடவை வந்தபோது சும்மா இருந்துவிட்டேன். கூச்சம், கொஞ்சம் ஆசையும்தான், ஒளிப்பானேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பேராசிரியர் வந்து, "எந்தப் பல்கலைக்கழகத்தில்? யார் நெறியாளர்?" என்று அன்பாகத்தான் கேட்டார். திண்ணைவாசி சாரின் உள்வாசல் மாதிரி எனக்கும் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அதிலிருந்து மைக்கைப் பிடித்ததும் முதல் வேலை அதுதான். "அழைப்பிதழில் முனைவர் என்று போட்டிருக்கிறது. இன்னும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர்." ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் சபை கொஞ்சம் கிட்டே வந்துவிடுகிறது. இப்போதெல்லாம் மூன்று வரி அறிமுகத்தை நானே எழுதி முதல் நாளே அனுப்பிவிடுகிறேன்.

பெண்களுக்கு இன்னொரு தொல்லை. கூடப் பேசும் ஆண்களுக்குப் படிப்பு, பதவி, எழுதிய நூல் எல்லாம் சொல்வார்கள். எனக்கு மட்டும் "இனிமையாகப் பேசக்கூடியவர்". பேசி முடித்து இறங்கினால் ஒருத்தராவது, "நல்லா இருந்துச்சு மேடம், யார் எழுதிக் கொடுத்தது?" பட்டிமன்றம் சார், துண்டுச்சீட்டு வைத்தால் கேலி என்றீர்களே. எங்களைச் சீட்டு வைக்காமலே கேட்கிறார்கள்.

சுண்டல் தம்பி, அந்த இயற்பியல் வாத்தியாரிடம் என் சார்பில் சொல்லுங்கள். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தால்தான் விழாமல் இருக்கிறது. நின்றால் கும்பிடு போட நேரம் இருக்காது, கீழேதான் வர வேண்டும். ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிவது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவது. அது நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் இருக்கும், திருநள்ளாற்றுக்கு மேலே வராது. பொன்னாடை போர்த்தினாலும் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

பழைய கேசட் | செவ்வாய், இரவு 9:15

வயதானவன், ஒன்று சொல்கிறேன். பெரியார் கூட்டத்துக்கு என்னை அப்பா தோளில் தூக்கிப் போவார். எனக்கு நினைவு இருப்பது தாடியும் கூட்டமும்தான். ஆனால் அப்பா சாகும் வரை சொல்வார்: மணிக்கணக்கில் பேசுவார், அடுக்குமொழி கிடையாது, வீட்டில் பேசுகிற பேச்சுத்தான். அப்புறம், நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்பார். அப்பா கோவிலுக்குப் போகிறவர், பெரியார் சொன்னதில் பாதியை ஏற்கவில்லை. ஆனால் 1973 டிசம்பரில் பெரியார் இறந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அதே அப்பாதான் ஆன்மிகச் சொற்பொழிவாளர் வாரியார் சுவாமிகள் கதைக்கும் கூட்டிப் போனார். சுவாமிகள் முன்வரிசைச் சிறுவர்களைக் கேள்வி கேட்பார். அவர்கள் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். எங்களுக்கு அது பெரிய மரியாதை. எதிரெதிர்த் துருவம் இரண்டு பேரும். எப்படி இரண்டு பேரையும் எங்கள் அப்பா நம்பினார் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காந்தியின் கதையும் தெரிந்திருக்கும். பம்பாயில் முதல் வழக்கு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. என்னால் முடியாது, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை ஊரில் யாரும் தோண்டி எடுக்கவில்லை, அவரே தன் வரலாற்றில் எழுதினார். திண்ணைவாசி தம்பி, ஒதுங்கி இருக்க வேண்டாம். போ.

பட்டிமன்றப் பைத்தியம் | செவ்வாய், இரவு 11:02

சரி, ஒப்புக்கொள்கிறேன், ஒரு பாதி. சொன்னதைத் திருத்துங்கள், ஆனால் அழுது வடிய வேண்டாம். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால் அதுவும் ஒரு நாடகம்தான், நாற்காலியில் இருப்பவன் நெளிவான். இரண்டு வாக்கியம், நேரே விஷயத்துக்குப் போய்விடுங்கள். பிகாஸ் கதையை இனிமேல் "சொல்லக் கேட்டது" என்று சொல்லிவிட்டுச் சொல்கிறேன். அந்த மூன்று பிகாஸையும் விட எனக்கு மனசில்லை.

திண்ணைவாசி | ஞாயிறு, இரவு 8:20 (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. இன்று கூட்டம் முடிந்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுந்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன். "போன தடவை ஐ.நா. வாசலில் கல்வெட்டு இருக்கிறது என்றேன். இல்லை. உள்வாசல் என்று சொன்னது நானாகச் சொன்னது." பைத்தியம் அண்ணன் சொன்ன மாதிரி அதற்கு மேல் இழுக்கவில்லை. ஒரு விநாடி நூலகத்து மின்விசிறிச் சத்தம் மட்டும். பின்வரிசையிலிருந்து என் பதினைந்து வருட நண்பர், "அன்னிக்கே பார்த்துட்டோம்யா, நீ பேசு" என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டைப் பையில் சீட்டு வைத்திருந்தேன். 1966, 2007, 2019, அப்புறம் பாட்டு எண். கண்ணாடியை மாட்டும்போது ஒலிப்பெட்டி அண்ணன் நினைவு வந்தது. மாட்டிய அவசரத்தில் 192 என்பதை 129 என்று படித்து, உடனே திருத்தினேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. கைதட்டல் வழக்கத்தைவிடக் குறைவு. கல்வெட்டு இல்லாமல் அந்த இடம் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கிறது, பழக வேண்டும்.

டீ நேரத்தில் அந்தப் பெண் வந்து சீட்டைக் கேட்டாள். கொடுத்தேன். ஓரமாக நின்று போனில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நாலும் சரியா இருக்குங்கய்யா" என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்த மாதம் அவளே பேசுகிறாளாம். தலைப்பைக் கேட்டேன், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். நாற்காலி போடுகிற வேலை எனக்கு.

சுண்டல் பொட்டலம் | ஞாயிறு, இரவு 8:31

அந்தக் கூட்டத்தில் சுண்டல் உண்டா?

திண்ணைவாசி | ஞாயிறு, இரவு 8:33

டீயும் பிஸ்கட்டும்தான். இல்லாததை இருக்கிறது என்று சொல்லமாட்டேன்.